டீ ஆறுகிற தூரம்

கருங்கழி உவர்நில நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வராண்டா நீளத் தொடங்கியதை மனிதர் யாரும் முதலில் கண்டுபிடிக்கவில்லை, டீதான் கண்டுபிடித்தது. வராண்டாவின் இந்தக் கோடியில் கேன்டீன், அந்தக் கோடியில் டைரக்டர் அறை, நடுவில் ஆய்வுக்கூடங்கள், கட்டடம் கட்டின நாளிலிருந்து அப்படித்தான். அமிர்தம் கேன்டீனில் டம்ளர்களை நிரப்பித் தட்டில் வைத்துக்கொண்டு புறப்பட்டால், வழியில் யாருடைய மகளுக்கு எங்கே மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள் என்று நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனாலும், டைரக்டர் வாயில் வைக்கும்போது நாக்கைச் சுடுகிற சூடு அந்த டீயில் இருக்கும். அந்த ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை அவள் யாரோடும் பேசவில்லை, நேராகப் போனாள், ஆனால் போய்க்கொண்டே இருந்தாள். போய்ச் சேர்ந்தபோது டீ ஏடு கட்டியிருந்தது. டைரக்டர் வைத்திலிங்கம் ஒரு வாய் குடித்துவிட்டு, இது இன்றைக்குப் போட்டதா, நேற்று மிச்சம் விழுந்ததா என்று கேட்டார். அவள் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

அந்தப் பதினோரு மணி டீயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிலையத்தில் மீட்டிங் என்று ஒன்று மாதாமாதம் நடக்கும், அதில் எல்லோரும் உட்காருவார்கள், எதுவும் முடிவாகாது. முடிவாவதெல்லாம் டைரக்டர் அறையில், அவர் கூப்பிட்டவர்கள் மட்டும் டம்ளரைக் கையில் பிடித்திருக்கும் நேரத்தில்தான். யாருக்கு எந்த வயல், யாருக்கு எத்தனை ஆள், யாருக்கு வெளிநாட்டுப் பயிற்சி, எல்லாம் சர்க்கரை கரைவதற்குள் தீர்மானமாகிவிடும். கூப்பிடப்பட்டவர்களில் தலைப்பிள்ளை பிரசன்னகுமார். கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சிரித்த முகம், டைரக்டர் ஒரு ஜோக்கை மூன்றாம் தடவை சொன்னாலும் முதல் தடவை கேட்கிற மாதிரி சிரிக்கத் தெரியும், அவனுடைய ஆராய்ச்சியில் பெரும்பங்கு அதுதான். வைத்திலிங்கமும் கெட்டவர் இல்லை. பிடித்தவர்களுக்குச் செய்வார், மற்றவர்களை மறந்துபோவார், அவ்வளவுதான். மறதி ஒரு குற்றமா என்று கேட்டால், மறக்காமல் இருக்கத்தானே அவருக்குச் சம்பளம் என்பதுதான் பதில்.

மறக்கப்பட்டவர்களில் முதல் ஆள் மங்கையர்க்கரசி. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி மகள். ஒரு புயலில் கடல் ஏறி உப்புப் பூத்துப்போன வயலை, அவள் அப்பா வரப்பில் நின்று வருஷக்கணக்கில் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தே வளர்ந்தவள். படித்து முடித்து டாக்டர் பட்டம் வாங்கிக் கருங்கழிக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று, கடல் தண்ணீர் ஏறி நின்றாலும் சாகாத நெல். ஒட்டுச்சேர்த்து, கழித்து, மறுபடி ஒட்டுச்சேர்த்து, கடைசியில் பதினேழாம் தொட்டியில் அது பிழைத்தது. அதற்குப் பேரே பதினேழு என்றாகிவிட்டது. ஆனால் தொட்டியில் பிழைத்தால் போதாது, உப்பு வயலில் ஒரு போகம் நின்று காட்ட வேண்டும், நிலையத்தின் உப்பு வயலோ இரண்டு வருஷமாகப் பிரசன்னகுமாருக்கு. விதைக் குளிரறையும் பிரசன்னகுமாருக்கு. பதினேழின் விதை ஒரு துணிப்பையில் கடற்கரை ஈரக் காற்றை வாங்கிக்கொண்டு கிடந்தது, முளைக்க வைத்துப் பார்த்தால் பாதிதான் முளைத்தது. இந்தச் சம்பாவில் மண்ணில் விழாவிட்டால் அடுத்த வருஷம் அது விதை இல்லை, வெறும் நெல். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தின நாள் டீயில் முடிவானது இதுதான்: உப்பு வயல் இந்தத் தடவையும் பிரசன்னகுமாருக்கு, மங்கையர்க்கரசி வேண்டுமானால் தன் விதையை அவனிடம் கொடுக்கலாம், அவன் பெயர் முதலில் வரும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு டீக்கும் வராண்டா நீண்டது. மண் ஆய்வாளர் கமாலுதீனின் உப்பு அளக்கும் கருவியைத் தூக்கிப் பிரசன்னகுமார் அறையில் வைத்து, கமாலுதீனைச் சைக்கிள் ஷெட் ஓரத்துக்கு மாற்றிய அன்று மட்டும் ஒரு பர்லாங்கு. முதலில் எல்லோரும் தங்கள் முழங்காலைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஆவணி பிறப்பதற்குள் ஃபைல் கொண்டுபோகிறவர்கள் சைக்கிளில் போனார்கள், பிறகு கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனார்கள், பயணப்படி கேட்டு எழுதினார்கள். வராண்டா ஊர் எல்லைக்குள் இருப்பதால் பயணப்படி கிடையாது என்று தலைமையகத்திலிருந்து பதில் வந்தது. பொதுப்பணித் துறைப் பொறியாளர் வெளியிலிருந்து டேப் பிடித்து அளந்து, கட்டடம் வரைபடத்தில் உள்ளபடியே இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வெளியே சுற்றிக்கொண்டு போகலாமே என்று கேட்பவர்களுக்கு: டைரக்டர் அறைக்குப் பின்வாசல் உண்டு, அது அவர் காருக்கு மட்டும் திறக்கும், மற்ற நேரத்தில் பூட்டு.

கருங்கழி ஜனங்கள் எதற்கும் லேசில் வாயைப் பிளக்கிறவர்கள் இல்லை. கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போனதைப் பார்த்தவர்களுக்கு ஒரு வராண்டா நீள்வதா பெரிய காரியம்? கூரையும் மின்விசிறியும் உள்ள நீண்ட பாதை ஒன்று சும்மா கிடக்கிறது என்று தெரிந்ததும், டாக்டர் நடக்கச் சொன்ன சர்க்கரைக்காரர்கள் காலையில் வந்து கைவீசி நடந்தார்கள். பிள்ளைகள் சைக்கிள் பழகினார்கள். மழை தொடங்கியதும் உப்பளக்காரர்கள் வந்து, ஓரமாக நாலு மூட்டை அடுக்கிக்கொள்ளலாமா என்று யாரையோ கேட்டார்கள், அந்த யாரோவும் தாராளமாக என்று சொல்லிவிட்டார். காவலாளி முதலில் தடுத்துப் பார்த்தார், பிறகு அவருக்கே சர்க்கரை இருந்ததால் அவரும் நடந்தார்.

ஒரு விஷயம் மட்டும் நிலையத்தாரை உறுத்தியது. டைரக்டருக்குப் பிடித்தவர்களுக்கு வராண்டா பழையபடியே இருந்தது. பிரசன்னகுமார் தன் அறையிலிருந்து நாலு எட்டு வைத்தால் டைரக்டர் கதவு. டெல்லியிலிருந்து வந்த ஆய்வுக் குழு அவனோடு நடந்து போனதால் நாலே எட்டில் போய்ச் சேர்ந்து, நிர்வாகம் நெருக்கமாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனது. விஷயம் தெரிந்ததும் அவசரக் கையெழுத்து வேண்டியவர்கள் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக ஆரம்பித்தார்கள். போகிறவர்கள் வரிசை கட்ட, அவன் காலையிலிருந்து மாலைவரை ஆட்களைக் கூட்டிப்போவதும் கூட்டிவருவதுமாக, வயல் பக்கம் போகவே நேரமில்லாமல் போயிற்று. சும்மா யாரும் பிடிக்கவில்லை. ஒருவர் தன் ஆய்வில் அவன் பெயரைச் சேர்த்தார், இன்னொருவர் தன் ஆட்களைக் கொடுத்தார். அவன் கேட்கவில்லை, அவர்களாகவே கொடுத்தார்கள், அவன் வேண்டாமென்றும் சொல்லவில்லை.

மங்கையர்க்கரசியிடம் அவனே வந்தான். நல்ல எண்ணத்தோடுதான் வந்தான்.

"மேடம், வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். சார்கிட்ட நானே பேசுறேன். பேரு யாருது முன்னாடி இருந்தா என்ன, நெல்லு வெளிய வரணும், அதானே நமக்கு வேணும்?"

சொல்லிவிட்டுச் சட்டை நுனியை எடுத்து நீட்டினான். அவளுக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். நாற்றங்கால் விடுகிற காலம் நழுவிக்கொண்டிருந்தது, பை கையில் இருந்தது, பிடித்தால் நாலு எட்டு. கையை நீட்டக்கூட நீட்டிவிட்டாள். பிறகு அந்தக் கையால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நானே தூக்கிட்டுப் போறேன் பிரசன்னா. கனமில்ல."

மறுநாள் விடிந்ததும் விதைப்பையும், தயிர்ச்சோறும் நாரத்தங்காயும் அடைத்த தூக்கும் எடுத்துக்கொண்டு அவள் நடந்தாள்; ஆய்வுக்கூடங்களைத் தாண்டி, கைவீசி நடக்கிறவர்களைத் தாண்டி, உப்பு மூட்டைகளைத் தாண்டி, சைக்கிள் பழகும் பிள்ளைகளின் சத்தமும் கேட்காத இடத்துக்கு வந்தாள், அங்கிருந்து பார்த்தாலும் டைரக்டர் அறை தெரியவில்லை. ஆனால் அங்கே இருபுறமும் கதவுகள் இருந்தன. பெயர்ப்பலகை இல்லாத, பெயிண்ட் வாசனை போகாத கதவுகள். யார் யாருக்கு எதை எதை இல்லையென்று சொன்னார்களோ, அந்த ஒவ்வோர் இல்லைக்கும் வராண்டா நீண்டபோது ஓர் அறையும் சேர்ந்தே வந்திருந்தது, தேடிப் போகத்தான் ஆளில்லை. கால் கடுத்துப்போய், காற்றுக்காக அவள் ஒரு கதவைத் தள்ளினாள். அந்தப் பக்கம் அறை இல்லை. கழி ஓரத்து வயல் ஒன்று இருந்தது, வரப்பு கட்டி, தண்ணீர் தேங்கி, நண்டு ஓடிக்கொண்டு, கடல் பொங்கினால் தாராளமாக உள்ளே வரலாம் என்பதுபோல் ஒரு பக்கம் தாழ்ந்து. அவளுக்கு அழுகை வந்தது. யாரும் இல்லாததால் நன்றாகவே அழுதாள். அழுது முடித்துச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, கமாலுதீனைக் கூட்டிவரத் திரும்பி நடந்தாள்.

கமாலுதீனுக்குக் கருவிதான் போயிருந்தது, நாக்கு போகவில்லை. ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

"நம்ம மண்ணுதான் மேடம். நம்ம வயலைவிட ஒரு பிடி உப்பு ஜாஸ்தி."

"யாரு எடம் சார் இது?"

"வராண்டா சர்க்காருது. வராண்டாவுக்குக் கதவு, கதவுக்கு வயலு. அப்ப வயலும் சர்க்காருது. நாம சர்க்கார் ஆளுங்க. போடுங்க நாத்தை."

போட்டார்கள். பாதி முளைக்கவில்லை, முளைத்த பாதி போதுமாக இருந்தது. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது என்பதால், மூட்டைக்குக் காவலாக வந்து உட்கார்ந்திருந்த உப்பளப் பெண்கள், சும்மா இருக்கிற கைதானே என்று இறங்கி நடவு நட்டார்கள். கமாலுதீன் பக்கத்து அறை ஒன்றில் தன் கண்ணாடிக் குடுவைகளைக் கொண்டுவந்து அடுக்கினார். மீன்குஞ்சு வளர்க்க இடம் கேட்டுக் கேட்டு ஓய்ந்தவர் ஓர் அறை, பூச்சி ஆராய்ச்சிக்கு மேசைகூடக் கிடைக்காத ஒருத்தி ஓர் அறை என்று, இல்லை என்ற பதில் வாங்கினவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக நடந்து வந்து தங்கள் கதவைக் கண்டுபிடித்துத் திறந்துகொண்டார்கள். ஆறின டீக்காகத் தினமும் திட்டு வாங்கிய அமிர்தம், டீயை அங்கே கொண்டுபோவதைவிட அடுப்பை இங்கே கொண்டுவருவது சுலபம் என்று வராண்டாவின் நட்டநடுவில் ஒரு பெஞ்சும் ஸ்டவ்வுமாகக் கடை போட்டாள். டைரக்டருக்கு ஒரு டம்ளர் மட்டும் சைக்கிள்காரரிடம் கொடுத்தனுப்பினாள். பதினோரு மணிக்கு எல்லோரும் அந்தப் பெஞ்சுக்கு வந்தார்கள். கூப்பிட வேண்டியதில்லை, வந்தால் டீ. அங்கேயும் சர்க்கரை கரைவதற்குள் பல விஷயங்கள் முடிவாயின, ஒரே வித்தியாசம், யாருடைய விஷயமோ அவரும் அங்கே இருந்தார்.

மார்கழி அமாவாசையன்று கடல் பொங்கியது. நிலையத்தின் உப்பு வயலில் ஏறி நின்ற தண்ணீர் வடிந்தபோது பிரசன்னகுமாரின் பயிர் கறுத்துப் படுத்திருந்தது. வராண்டா வயலிலும் ஏறி நின்றது, பதினேழு இடுப்பளவு கடல் தண்ணீரில் ஒரு வாரம் நின்றுவிட்டு, தண்ணீர் வடிந்ததும் ஒன்றுமே நடக்காதது மாதிரி கதிர் தள்ளியது. செத்த பயிரின் வரப்பில் பிரசன்னகுமார் நெடுநேரம் நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு. அவன் வெளிநாட்டில் ஒரு வேலை வாங்கிக்கொண்டு கிளம்பினான், கிளம்பும் முன் கேன்டீன் பக்கம் மங்கையர்க்கரசியைப் பார்த்து விடைபெற்றான்.

"நீங்கள்லாம் எங்க மேடம் இருக்கீங்க? நானும் வராண்டால தினம் போறேன் வர்றேன், ஒருத்தரையும் காணோமே."

நாலு எட்டில் போகிறவன் கண்ணுக்கு நடுவில் இருப்பது எப்படித் தெரியும்? அவளுக்கு அவன்மேல் முதல் தடவையாக இரக்கம் வந்தது. நல்லா இருங்க என்று சொல்லி அனுப்பினாள்.

அவன் போனபிறகுதான் வைத்திலிங்கத்துக்குத் தூரம் புரிந்தது. வேறு யாரையாவது பிடித்துப்போகலாம் என்று பார்த்தார், ஆனால் ஒருவரைப் பிடித்துப்போக வேண்டுமென்றால் முதலில் அவரைப் பார்க்க வேண்டும், பார்க்கிற தூரத்தில் யாரும் இல்லை. காரில் வந்தார், பின்வாசலில் நுழைந்தார், உட்கார்ந்தார், பின்வாசல் வழியாகப் போனார். ஜோக் நினைவுக்கு வந்தால் சொல்ல ஆளில்லை. பதினோரு மணி டீ சாயங்காலம் வந்தது, பிறகு மறுநாள் வந்தது, ஒருநாள் வரவேயில்லை. தனியாக இருப்பது அவருக்குத் தெரியாத வித்தை, பயந்துபோனார். தை பிறந்த ஒரு காலையில் வராண்டாக் கதவைத் திறந்து பார்த்தார், கண்ணுக்கெட்டிய வரை தரை, தூரத்தில் எங்கோ டீ கொதிக்கிற வாசனை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

பெஞ்சுக்கு அவர் வந்து சேர்ந்தபோது அங்கே இருந்தவர்கள் பாதிப்பேருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. இன்னொரு சர்க்கரைக்காரர் என்று நினைத்து நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அமிர்தத்துக்குத் தெரிந்தது, ஒரு டம்ளரை நீட்டினாள், அவர் பழக்கதோஷத்தில் மளமளவென்று குடிக்கப்போய் நாக்கைச் சுட்டுக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. சூட்டினால் மட்டும் வந்ததில்லை. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர் எதிரே திறந்திருந்த கதவைப் பார்த்தார். அந்தப் பக்கம் பச்சையும் மஞ்சளுமாகக் கதிர் தலைசாய்ந்து நின்றது, அடித்தண்டைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அவரும் ஒரு காலத்தில் நெல் ஆராய்ச்சியாளர்தான். எழுந்து போய் ஒரு கதிரை உள்ளங்கையில் ஏந்தி வெகுநேரம் பார்த்தார்.

"யாரோட நெல்லு இது?"

மங்கையர்க்கரசி களை பிடுங்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழுந்து நின்றாள். "என்னுது சார். பதினேழு. ரெண்டு வருஷமா ஒங்ககிட்ட வயலு கேட்டேன்."

அவருக்கு நினைவு இல்லை. நினைவு இல்லை என்பதே அவரை வெட்கப்பட வைத்தது, ஆண்டவன் ஒவ்வொருவருக்கும் ஒரு வேளை வைத்திருக்கிறான், அவருக்கு அன்றைக்கு. கதவோரம் நின்ற கமாலுதீனைப் பார்த்து, உங்க மெஷினை எடுத்தது தப்பு கமாலுதீன், நாளைக்கே உங்க பழைய ரூமுக்கு வந்துடும் என்று சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, வராண்டா ஒரு குலுங்கு குலுங்கியது. அந்தக் கோடியிலிருந்து உப்பளப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். மழைக்கு உப்பு மூட்டைகளை உள்ளே அடுக்கியிருந்த கடைசி அறையைக் காணவில்லையாம். அறையில் இருந்த மூட்டைகள் வராண்டாத் தரையில் வந்து கிடக்கின்றனவாம், ஆனால் அறைக்கு அந்தப் பக்கத்து மண்ணில் அவள் போட்டிருந்த கத்தரிச் செடியெல்லாம் காயோடு போய்விட்டதாம்.

வைத்திலிங்கத்துக்கு எதுவும் புரியவில்லை, புரிந்த ஒரே காரியம் தான் செய்த முதல் நல்ல காரியத்தை நிறுத்தக்கூடாது என்பதுதான். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"வயலுக்கு ஆர்டர் இப்பவே போட்டுத் தர்றேம்மா. ஒன் பேருலயே."

மங்கையர்க்கரசி காத்திருந்தது இத்தனை வருஷம் இந்தக் கையெழுத்துக்காகத்தான். கதிரைப் பார்த்தாள், இன்னும் பால் முழுதும் இறுகவில்லை. சேற்றுக் கையோடு ஓடிப்போய் அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் சார். அறுப்பு முடியற வரைக்கும் தயவுபண்ணி யாருக்கும் நியாயம் பண்ணிடாதீங்க."

அப்படி ஒரு வேண்டுகோள் எந்த அலுவலகத்திலும் எந்த மேலதிகாரிக்கும் போயிருக்காது. ஓர் இல்லை திருந்தினால் ஓர் அறை போகும், அதன் மண்ணில் நிற்பதும் கூடவே போகும் என்று அவள் விளக்கிச் சொன்னபோது அவர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. இத்தனை காலம் மெனக்கெடாமல் செய்த காரியத்தை இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு செய்ய வேண்டியிருந்தது. தினமும் பெஞ்சுக்கு வந்தார், பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசினார்கள், கேட்கக் கேட்க இவருக்கு இதைச் செய்திருக்கலாமே, அவருக்கு அதைக் கொடுத்திருக்கலாமே என்று வாய் துறுதுறுத்தது, கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். ஒருநாள் அடக்கமாட்டாமல், அமிர்தம், உன்னை நிரந்தரமாக்கி விடுகிறேன் என்று சொல்லிவிட்டார். ஒரு கதவு போயிற்று, வயலின் வரப்பு ஒன்று கண்முன்னே உள்ளே நகர்ந்து, ஓரமாக நின்ற நாலைந்து குத்துக் கதிரை விழுங்கியது.

"சார், வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க," என்றாள் அமிர்தம். "என் வேலை எங்கயும் போவாது, நெல்லு போயிடும்."

அவர் அறுப்பு முடியும்வரை ஜோக் மட்டும் சொன்னார். கேட்டவர்கள் நன்றாக இருந்தால் சிரித்தார்கள், இல்லாவிட்டால் இல்லை.

தை முடிவதற்குள் கதிர் முற்றியது. அறுவடைக்கு ஊரே வராண்டாவுக்குள் வந்தது, உப்பளப் பெண்கள் அரிவாள் பிடிக்க, சர்க்கரைக்காரர்கள் கட்டுச் சுமக்க, சைக்கிள் பழகின பிள்ளைகள் கேரியரில் வைத்துத் தள்ள, வைத்திலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி அறுத்தார். மோசமாகத்தான் அறுத்தார், அவர் அறுத்த வரிசையைப் பின்னால் வந்தவள் மறுபடி அறுத்தாள். வராண்டாவின் சிமெண்டுத் தரையிலேயே கதிர் அடித்து, தூற்றி, காயவைத்தார்கள். பிறகு அறைகளிலிருந்து குடுவைகள், மீன்தொட்டிகள், மூட்டைகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்தார்கள். ஒரு மணிகூட உள்ளே விடுபடவில்லை என்று பார்த்தபின் மங்கையர்க்கரசி கதவை ஒருமுறை சாத்தித் திறந்து, அறுத்த தாள் மட்டும் நின்ற வயலைப் பார்த்தாள். போகட்டும் சார் என்றாள்.

வைத்திலிங்கம் பெஞ்சில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார், தெரியாத பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கூப்பிட்டார், ஒவ்வொருவருக்கும் எதை மறந்தாரோ அதைச் செய்தார், ஒவ்வொரு கையெழுத்துக்கும் வராண்டா பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருண்டுகொண்டே வந்தது, கதவுகள் போயின, அவற்றின் பெயிண்ட் வாசனை போயிற்று, கூட்டம் நெருங்கி நெருங்கித் தோளோடு தோள் முட்டியது. கடைசியாக மங்கையர்க்கரசியின் நெல்லை அவள் பெயரிலேயே வெளியிடப் பரிந்துரைத்து அவர் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது, விதை மூட்டைகளும் மீன்தொட்டிகளும் அத்தனை ஜனங்களுமாக டைரக்டர் அறைக்கும் கேன்டீனுக்கும் நடுவில் மூச்சுவிட இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் அந்த டீ பெஞ்சு அவர் கதவுக்கு நேர் எதிரே கிடந்தது. அதை யாரும் எடுக்கவில்லை, இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது.

எல்லோருக்கும் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. சர்க்கரைக்காரர்கள் முறையிட்டார்கள், மழைக்கு எங்கே போவது என்று உப்பளக்காரர்கள் கேட்டார்கள், சைக்கிளில் பாதி பழகின பிள்ளைகள் தெருவில் போய் விழுந்து எழுந்தார்கள். மங்கையர்க்கரசிக்குக்கூடச் சில நாள் வேலையின் நடுவே அந்தக் கழி வாசனை நினைவுக்கு வரும், ஏதாவது ஒரு கதவைத் தள்ளிப் பார்ப்பாள், அந்தப் பக்கம் பீரோ இருக்கும். ஆனால் அடுத்த சம்பாவில் நிலையத்தின் உப்பு வயல் முழுவதும் பதினேழு நின்றது, மீதி விதை கடலோர ஊர்களுக்குப் போனது, அதில் முதல் மூட்டை போனது திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வயல் ஒன்றுக்கு. அவள் அப்பா வரப்பில் நின்று வெறுமனே பார்க்கவில்லை. இறங்கி நின்று பார்த்தார்.

மனுஷ புத்தி ஒரே நாளில் திருந்திவிடாது, வைத்திலிங்கத்தின் புத்தியும் அப்படித்தான். புதிதாக வந்த பையன் ஒருவன் நன்றாகச் சிரிப்பான், அவன் கேட்டதற்குச் சட்டென்று தலையாட்டிவிடுவார், இன்னொருவர் கேட்டது மறந்துபோகும். ஆனால் இப்போது அவருக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. பதினோரு மணிக்கு அமிர்தம் டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவர் உடனே குடிப்பதில்லை, முதலில் டம்ளரை விரலால் சுற்றிப் பிடித்துப் பார்ப்பார். பெரும்பாலான நாள் விரல் சுடும், ஊதி ஊதிக் குடிப்பார். சுடாத நாளில் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறப்பார், வராண்டா கொஞ்சம், ஒரு கதவு அகலத்துக்குக் கொஞ்சம், நீண்டிருக்கும்.

அப்படி ஒரு நாள் மங்கையர்க்கரசி நெற்பூவிலிருந்து மகரந்தப் பைகளைக் கிடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. டம்ளரோடு அவர் நின்றுகொண்டிருந்தார்.

"மங்கை, டீ ஆறியிருக்கு. நேத்து நான் என்ன பண்ணேன்?"

அவள் கிடுக்கியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார், சொல்றேன்."